எந்தப் பக்கம்?

என் கடையில் இரண்டு பிரின்டர் இருக்கிறது. ஒன்றில் பேப்பரைப் பின்பக்கம் நின்றவாக்கில் செருக வேண்டும். அச்சாக வேண்டிய பக்கம் நம்மைப் பார்த்திருக்கும். இன்னொன்றுக்கு அடியில் இழுப்பறை மாதிரி டிரே. அதில் அச்சாக வேண்டிய பக்கம் தரையைப் பார்த்துக் குப்புறப் படுத்திருக்க வேண்டும். சாதா ஏ4 பேப்பருக்கு இந்த வம்பே இல்லை. 70 ஜிஎஸ்எம்மோ 80 ஜிஎஸ்எம்மோ, எப்படிப் போட்டாலும் மையைக் குடித்துவிடும். போட்டோ பேப்பருக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பூச்சு. மறுபக்கத்தில் விழுந்த மை சேம்பிலைத் தண்ணீர்போல மேலேயே நிற்கும். விரல் பட்டால் வழிந்துவிடும்.

சிதம்பரம் மேல வீதியை ஒட்டிய சந்தில் 14 வருஷமாக இதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கடையைத் திறக்காமல் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போவேன். அங்கே அடிக்கடி கிளம்புகிற கேள்வி ஒன்று உண்டு. அருள் எல்லார்மேலும் ஒன்றுபோலத்தான் விழுகிறது என்றால், ஒருத்தர் மாணிக்கவாசகர் ஆவதும் இன்னொருத்தர் மீட்டர் வட்டிக்கு விடுவதும் எப்படி? பதில், பக்குவம். நெருப்பு ஒன்றுதான், பஞ்சில் பட்டதும் பற்றுகிறது, வாழைத்தண்டில் பற்ற மாட்டேன் என்கிறது. மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று அருள் பதிவதை நான்கு படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பஞ்சையும் வாழைத்தண்டையும்விட என் பிரின்டர்தான் விளங்குகிறது. ஒரே மை, ஒரே ஹெட். சாணிக் காகிதத்தில் எழுத்து மயிர்விட்டுப் பரவும், 180 ஜிஎஸ்எம் கிளாசியில் கோயில் கோபுரத்துப் பொம்மையின் கண்ணிமைகூடத் தெரியும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று சொல்கிறேன். பேப்பர் எந்த ரகம் என்று கம்ப்யூட்டரில் குறித்துவிட்டால், மெஷின் மையின் அளவை மாற்றிக்கொள்ளும். ஒரு துளி என்பது சில பிகோலிட்டர். லிட்டரை லட்சம் கோடியாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு பிகோலிட்டர். அவ்வளவு சின்னத் துளியிலும் இதற்கு இவ்வளவு போதும் என்று கணக்குப் பார்க்கிறது. சாதா பேப்பரை வைத்துவிட்டுக் கிளாசி என்று குறித்தால் மை கொட்டும். பேப்பர் அப்பளம்போல நெளியும், பின்பக்கம் ஊறித் தெரியும். ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று, அதுவும் அருளே என்று வகுப்பில் சொன்னபோது பல வருஷம் எனக்கு ஏறவே இல்லை. நெளிந்த பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு நாள்தான் ஏறியது. தாங்காததற்கு முழுசாகக் கொடுப்பது கருணை ஆகாது.

பேப்பரை இத்தனை ரகமாகச் செய்தவன் யார் என்று கேட்டால், சித்தாந்தம் கடவுளைக் கை காட்டுவதில்லை. பதியாகிய கடவுளைப் போலவே பசுவாகிய உயிரும் பாசம் என்கிற மல அழுக்கும் அநாதி. செம்பில் களிம்புபோல, நெல்லில் உமிபோல மலம் உயிரோடு என்றுமே இருக்கிறது. பிரின்டர் செய்தவன் பேப்பர் செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். (பிரின்டர் கம்பெனிகள் பேப்பரும் விற்கின்றன, அது வேறு கதை.) பேப்பர் பக்குவப்படாது, உயிர் படும், அந்த இடத்தில் என் உவமை முறிந்துவிடுகிறது, தெரியும்.

இத்தனையும் தெரிந்த நான் போன கார்த்திகையில் ஒரு காரியம் செய்தேன். பூ விற்கிற அம்மா ஒருவர், தவறிப்போன கணவர் படத்தைப் போனில் கொண்டுவந்தார். பதினாறாம் நாளுக்கு வேண்டும். அடைமழை, ஈரத்தில் பேப்பரெல்லாம் ஓரம் சுருண்டு கிடந்தது. பிரித்து வைத்திருந்த பாக்கெட்டிலிருந்து ஒரு ஷீட்டை எடுத்துப் பின் டிரேயில் செருகினேன். முதுகில் கம்பெனி பெயர் எதுவும் இல்லாத ரகம். வந்த படத்தில் முகம் கரைந்து, மீசை கன்னத்துக்கு இறங்கியிருந்தது.

"போட்டோவே சரியில்லம்மா, போன்ல எடுத்தது" என்றேன்.

"அவரு மொகம் எதுலயும் நல்லா விழாது தம்பி" என்று சொல்லி, அதையே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்.

ரோலரில் ஒட்டிய மையைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. அடி டிரே பழக்கத்தில் ஷீட்டைத் திருப்பி வைத்திருக்கிறேன். படத்தில் குறையில்லை, பேப்பரில் குறையில்லை, அந்த மனிதர் முகத்தில் ஒரு குறையும் இல்லை. மறுபடி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். படம் பளிச்சென்று இருந்தது. என்னால்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு 'அவனுக்குப் பக்குவம் போதாது' என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்கிறது. கோட்பாடு சரி. அதைச் சொல்லும் வாய்தான் சந்தேகம். படிக்க வராத பிள்ளையையும், கோயிலுக்குள் விடாமல் தலைமுறை தலைமுறையாக நிறுத்தி வைத்தவர்களையும் காட்டி இந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால், வைத்தவன் கையை யாரும் பார்ப்பதில்லை. இதே ஊரை ஒட்டிய கொற்றவன்குடியில்தான் உமாபதி சிவம் என்ற சித்தாந்த குரு இருந்தார். அவர் மடத்துக்கு விறகு சுமந்த பெற்றான் சாம்பானை ஊர் எந்த ரகத்தில் வைத்திருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. தில்லைக் கூத்தன் அவன் கையிலேயே சீட்டுக் கொடுத்தனுப்பினான், இவனுக்குத் தீட்சை கொடு என்று. கொடுத்ததும் ஒளியாகிப் போனான் என்பது ஐதீகம். நம்பாமல் கேட்டவர்களுக்காக ஒரு முள்ளிச் செடிக்கும் கொடுத்துக் காட்டினாராம். பக்குவத்தைப் பற்றி நூல் எழுதிய குரு பரம்பரையில் வந்தவரே, விறகுக்காரனுக்குப் பக்குவம் உண்டா என்று தாமாக முடிவு கட்டவில்லை. சீட்டு வந்தது, படித்தார், செய்தார்.

எனக்குச் சீட்டெல்லாம் வராது. அதனால் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன், நீங்களும் வைத்துக்கொள்ளலாம். போட்டோ பேப்பரில் எது பூச்சுப் பக்கம் என்று கண்ணுக்குப் பிடிபடாவிட்டால், விரல் நுனியை லேசாக நனைத்து ஷீட்டின் மூலையில் இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டுகிற பக்கம்தான் மை வாங்கும்.