பழைய படமும் புதிய கையும்

பொருளை விலைகொடுத்து வாங்கியவன் அதற்கு உரியவன். இதில் ஐயத்திற்கு இடமில்லை. பானையை வாங்கியவன் அதில் நீர் வைக்கலாம், பூச்செடி வைக்கலாம், வேண்டாமெனில் உடைத்தும் போடலாம். ஆயின், ஒருவர் மனமொன்றி வரைந்த ஓவியத்தை வாங்கியவனுக்கும் இதே உரிமை உண்டா? இவ்வினாவை நாம் ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், தம்பி மகளின் சமையலறை மேசைமீது கண்டெடுத்தோம்.

அந்நாட்டில் ஊர்தோறும் தரும நோக்குடைய பழம்பொருட் கடைகள் உள்ளன. மக்கள் தமக்கு வேண்டாத துணி, நூல், பாத்திரம், படம் ஆகியவற்றை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போவர்; விற்று வரும் பணம் அறப்பணிக்குச் செல்லும். அமெரிக்காவில் குட்வில் என்னும் நிறுவனம் 1902 முதற்கொண்டே இவ்வழியில் நிற்கிறது. இக்கடைகளின் மூலையில் சட்டமிட்ட படங்கள் சுவரோடு சாய்ந்து கிடக்கும். சிலர் சட்டத்துக்காகவே வாங்குவர். வேறு சிலர் வீட்டில் கிடப்பவற்றைக் கொண்டு படத்தின்மீதே வேலை செய்வர். ஆப்பச் சோடாவை வண்ணத்தில் குழைத்துத் தடவினால் பழஞ்சுவர்போன்ற சொரசொரப்பு வரும். முட்டை ஓட்டை நொறுக்கி ஒட்டினால் கரையோரக் கூழாங்கற்களாகும். தேயிலைச் சாயத்தில் நனைத்த திரைச்சீலைத் துண்டு, சட்டையிலிருந்து கழன்ற பொத்தான், சணற்கயிறு யாவும் அங்கே இடம்பெறும். குப்பைக்குப் போகவிருந்த இரண்டு சேர்ந்து சுவரேறும் ஒன்றாகின்றன. இஸ்ராஃபை, வீண்விரயத்தை, வெறுத்துப் பழகிய நமக்கு இக்காட்சி மகிழ்வையே தந்தது.

தம்பி மகள் வாங்கி வைத்திருந்தது ஒரு கடற்கரைப் படம். படகு கோணல், வானம் மிகையான நீலம். தேர்ந்த கை வரைந்ததன்று. வானத்தில் பாதியை அவள் வெண்சாந்தால் மூடியிருந்தாள். படத்தைத் திருப்பிப் பார்த்தோம். பின்பலகையில் பென்சிலால், ‘அம்மாவுக்கு’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதன்கீழ் 1963 என்னும் ஆண்டு. பெயரில்லை.

“கொடுத்தவங்களே வேண்டாம்னு கொடுத்ததுதானே, பெரியவாப்பா?” என்றாள்.

நியாயமான பேச்சுதான். ஆனால், கொடுத்தவர் வேறு, வரைந்தவர் வேறு. விற்றவர் தம்மிடம் இருந்ததை மட்டுமே விற்க இயலும். தாய்க்கென்று வரைந்த அந்த அன்பு எந்தக் கடையிலும் விலைக்கு வைக்கப்பட்டதன்று. அது வாங்கியவர் கையில் அமானத்தாகவே வந்து சேர்கிறது என்பது நம் எண்ணம். நூலாசிரியர், ஓவியர் உரிமை பற்றிய பெர்ன் உடன்படிக்கையும் 1928இல் ரோமில் திருத்தப்பட்டபோது இதற்கு அணுக்கமான ஒன்றை ஏற்றது. படைத்தவர் தம் பொருளுரிமையை விற்ற பின்னரும், தம் பெயருக்கு இழுக்கு வரும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கலாம் என்றது. நன்று. ஆயின், பெயரே எழுதாதவர் எந்த நீதிமன்றத்தில் போய் முறையிடுவார்?

அஸ்கெர் யோர்ன் என்னும் டென்மார்க் ஓவியர் இச்செயலைத் துணிந்து கலையாக்கியவர். பழஞ்சந்தைகளில் எளியோர் வரைந்த படங்களை வாங்கி, அவற்றின்மீது தம் தூரிகையை ஓட்டி, 1959இல் பாரிஸ் நகரில் காட்சிக்கு வைத்தார். அமைதியான நாட்டுப்புறக் காட்சியொன்றில் பூதாகாரமான வாத்து ஒன்றை அவர் வரைந்த படம் சில்கெபோர் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. 2022இல் ஒருவர் அங்குச் சென்று, அந்த வாத்துப் படத்தின்மீது தம் உருவப்படத்தைப் பசைகொண்டு ஒட்டிக் கையெழுத்தும் இட்டார். அது குற்றமாயிற்று. யோர்ன் செய்தபோது கலை, யோர்னுக்குச் செய்தபோது குற்றம்! தம் பொருளில் செய்ததும் பிறர் பொருளில் செய்ததும் ஒன்றல்ல என்று சட்டம் அறிந்தோர் சொல்வர், அது சரியே. எனினும், சிறியவர் கைக்கு ஒரு நீதி, பெரியவர் கைக்கு ஒரு நீதி என்னும் உறுத்தல் அதனால் தீர்வதில்லை.

அரபியில் ‘திர்ஸ்’ என்றொரு சொல் உண்டு. எழுதியதை அழித்து, மீண்டும் எழுதப்பட்ட ஏடு என்பது அதன் பொருள். பத்தாம் நூற்றாண்டில் படியெடுத்த ஆர்க்கிமிடீசின் நூலேடுகளைச் சுரண்டி, 1229இல் ஒருவர் கிறிஸ்தவ வழிபாட்டு நூல் எழுதினார். அவர் எண்ணம் தூயதே. ஆனால், வேறெங்கும் கிடைக்காத கணித நூலொன்று அடியில் மறைந்தது. 1906இல் ஹைபெர்க் என்னும் அறிஞர் அதைக் கண்டு படித்தார். 1998இல் அவ்வேடு 20 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. இதில் ஒரு வியப்பும் உண்டு. வழிபாட்டு நூலாகாதிருந்தால் அத்தோல்கள் அக்காலத்திலேயே கிழிந்து மறைந்திருக்கவும் கூடும். அழித்த கையே காத்த கையுமாயிற்று. ஆகவே, மாற்றுவோர் அனைவரையும் அழிப்போர் என்று நாம் கடிந்துரைக்க மாட்டோம்.

எனினும், நாம் மத்ரஸாவில் ஓதிய கிதாபுகள் வேறொரு வழியைக் காட்டின. நடுவே மூலமாகிய மத்ன். சுற்றிலும் ஓரத்தில் பிற்காலத்தவர் எழுதிய ஹாஷியா. பின்வந்தவர் முன்னவரை மறுப்பார், திருத்துவார், சில இடங்களில் கேலியும் செய்வார். ஆனால், மூலத்தின் ஓர் எழுத்தையும் சுரண்டமாட்டார். பழைய படத்தைக் கையில் எடுப்பவர், தாம் செய்யப்போவது திர்ஸா, ஹாஷியாவா என்று கேட்டுக்கொள்ளலாமே. ஆயிரக்கணக்கில் அச்சான இயற்கைக் காட்சியானால் கேள்வியே வேண்டா. தாராளமாக ஒட்டட்டும், வெட்டட்டும். கையால் வரைந்த ஒற்றைப் படமெனில் சட்டம் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, சுற்றிலும் இடமிருக்கிறது.

இதையெல்லாம் அன்று அவளிடம் நாம் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. பின்பலகையைக் காட்டினோம், அவ்வளவே. அவள் சிறிது நேரம் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ந்த சாந்தைச் சுரண்டினால் நீலமும் சேர்ந்து உரியும் என்பதால் அதை அப்படியே விட்டாள். நொறுக்கி வைத்திருந்த முட்டை ஓடுகள் சட்டத்தைச் சுற்றி ஏறின. இப்போது படம் அவள் வீட்டு மாடிப்படிச் சுவரில் தொங்குகிறது. வானம் பாதி வெள்ளை, பாதி நீலம். மாட்டுவதற்கு முன் அதைத் திருப்பி, 1963க்குக் கீழே, அதே அளவு எழுத்தில், தன் பெயரையும் அவ்வாண்டையும் பென்சிலால் எழுதினாள்.