காப்பீடு எதைக் காக்கிறது?

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் உள்ள முதல் அட்டவணையை வாசிப்பவருக்கு உள்ளம் சற்று நடுங்காமல் இராது. அங்கே மனித உடல் விழுக்காடுகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. கட்டைவிரல் போனால் உழைக்கும் ஆற்றலில் 30 விழுக்காடு இழப்பு. சுட்டுவிரல் முழுவதும் போனால் 14, நடுவிரலுக்கு 12, மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் 7. உயிருக்கும் ஒரு வாய்பாடு உண்டு. மாத ஊதியத்தில் பாதியை, வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். நாற்பது வயதினருக்கு அந்த எண் 184.17. மாதம் 15,000 ரூபாய் ஈட்டியவர் பணியில் இறந்தால், அவர் குடும்பத்துக்குரியது 13,81,275 ரூபாய்.

இரக்கமற்ற கணக்கு என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்தக் கணக்கு இல்லாதிருந்த காலம் இதைவிடக் கொடியது. 1837இல் இங்கிலாந்தில், அளவுக்கு மீறிச் சுமையேற்றிய வண்டி முறிந்து காயமுற்ற ஒரு வேலையாள், தன் எசமானராகிய இறைச்சிக் கடைக்காரர்மீது தொடுத்த வழக்கில் தோற்றார். பணியின் ஆபத்தைப் பணியாளே ஏற்றுக்கொள்கிறார் என்னும் எண்ணம் அதன்பின் பல பத்தாண்டுகள் நீதிமன்றங்களில் கோலோச்சியது. முதலாளியின் தவற்றைத் தொழிலாளியே மெய்ப்பிக்க வேண்டும். சாட்சி சொல்ல வேண்டியவர்களோ அதே முதலாளியிடம் கூலி வாங்குகிறவர்கள்! 1884இல் செருமனியும் 1897இல் பிரிட்டனும் இயற்றிய சட்டங்கள் இந்த அநீதியை உடைத்தன. யார் தவறு என்று கேட்க வேண்டியதில்லை. பணியின்போது, பணியின் காரணமாக நேர்ந்த விபத்தா என்பதே போதும் என்றன. நமது 1923ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வழி வந்ததே.

1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. தனியொரு முதலாளியின் பணப்பையை நம்பியிராமல், எல்லாரும் செலுத்தும் ஒரு பொது நிதியை உருவாக்கிற்று. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது. 2019 ஜூலை முதல் வேலையளிப்பவரின் பங்கு ஊதியத்தில் 3.25 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு. இவ்விரு சட்டங்களும் இப்போது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பினுள் அடங்கிவிட்டன.

இங்கேதான் அறச் சிக்கல் ஒன்று முளைக்கிறது. காயமுற்றவரை வழக்கு மன்றத்தில் அலைய விடலாகாது என்ற கருணையினால், "யார் தவறு?" என்று கேட்பதைச் சட்டம் நிறுத்திக்கொண்டது. இந்த மௌனத்தை முதலாளி தமக்குக் கிடைத்த விடுதலைப் பத்திரமாக எண்ணிக்கொள்கிறார். அப்படி எண்ணுவதற்குச் சட்டத்திலேயே ஓரளவு இடமும் இருந்தது. காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் வரும் தொழிலாளி, அதே காயத்துக்காக முதலாளியிடம் வேறு நட்ட ஈடு கோர 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53ஆம் பிரிவு தடை விதித்தது. 1997இல் உச்ச நீதிமன்றமும் அத்தடையை உறுதிசெய்தது. ஆக, சந்தா கட்டிய முதலாளியை யாரும் கேள்வி கேட்க முடியாது. அவருடைய மனச்சான்றும் கேட்கக்கூடாதா?

ஒரு பட்டறையை எண்ணிப் பாருங்கள். தகடு வெட்டும் பிரஸ் எந்திரத்தில் கைகளைக் காக்கும் மறைப்பு ஒன்று இருக்கும். அது இருந்தால் வேலையின் வேகம் குறையும். கூலியோ எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று பேசப்பட்டது. மாலைக்குள் இத்தனை உருப்படி முடித்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். எனவே மறைப்பு கழற்றி ஓரத்தில் வைக்கப்படுகிறது. மேற்பார்வையாளர் பார்க்கிறார், பேசாதிருக்கிறார். விரல் போன பிறகு, "அவரேதான் கழற்றினார்" என்பது அலுவலகத்தின் விளக்கம். கழற்றியது அவர் கைதான். அந்தக் கூலி முறையை வகுத்தது எந்தக் கை?

விடுதலைப் பயண நூல் 21ஆம் அதிகாரத்தில் முட்டுகிற மாட்டைப் பற்றி ஒரு சட்டம் உண்டு. மாடு திடீரென ஒருவரை முட்டிக் கொன்றால் உரிமையாளர் குற்றமற்றவர். அது முட்டும் மாடு என்று முன்பே எச்சரிக்கப்பட்டும் கட்டி வைக்காதிருந்தால், சாவுக்கு அவரே பொறுப்பு. பழங்கால மேய்ச்சல் நிலத்துச் சட்டம்தான். ஆயினும் நம் காப்பீட்டு விண்ணப்பங்களைவிட இது கூர்மையானது என்றே எனக்குத் தோன்றுகிறது. இழப்பை அளப்பதோடு நில்லாமல், "உமக்கு முன்பே தெரியுமா?" என்றும் அது கேட்கிறது. இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரமோ இன்னும் முன்னதாகவே வந்துவிடுகிறது. புது வீடு கட்டுகிறவர் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். யாரேனும் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் சேரும். விழுந்தவருக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு முன்னால் சுவர் எழுகிறது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் வெளியிட்ட உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில், நேரடியாக வேலை தருபவரோடு 'மறைமுக வேலையளிப்பவர்' என்ற கருத்தையும் வைத்தார். வேலையின் நிலைமைகளை வெளியிலிருந்து வரையறுக்கும் அனைவரும் அதில் அடங்குவர். நம் நாட்டுச் சட்டமும் ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு 'முதன்மை வேலையளிப்பவரை'ப் பொறுப்பாக்கியது. ஆனால் அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்காகவே ஒப்பந்தக்காரரைத் தேடுவோர் உண்டு. பத்துப் பேர் இருந்தால் சட்டம் பொருந்தும் என்பதால் பதிவேட்டில் ஒன்பது பெயரோடு நிறுத்திக்கொள்ளும் கணக்கப்பிள்ளைகளும் உண்டு. பத்தாவது ஆள் நாள்தோறும் வருகிறார், வேலை செய்கிறார், ஏட்டில் மட்டும் பிறக்கவில்லை.

பிறரைச் சுட்டும் விரலைச் சற்று மடக்கிக்கொள்வோம். நம் விடுதிகளின் சமையற்கட்டில் கொதிக்கும் அண்டாக்களைத் தூக்குகிறவர்கள், திருவிழாவுக்கு முன் கோபுரத்தில் ஏறிச் சுண்ணாம்பு அடிப்பவர்கள், நம் வீட்டுத் தென்னையில் ஏறுகிறவர் ஆகியோரின் பெயர்கள் எந்தப் பதிவேட்டில் இருக்கின்றன? ஒருவர் இருவரை வேலைக்கு வைத்தவரைச் சட்டத்தின் எண்ணிக்கை தீண்டாமல் விடலாம். அவர்களுக்கென்று ஒரு விபத்துக் காப்பீடு எடுக்க எவரும் தடை சொல்லவில்லை. சாரத்துக்கு நல்ல கயிறு வாங்கவும்தான்.

சுட்டுவிரலை இழந்தவர் சில மாதங்கள் கழித்துப் பட்டறைக்குத் திரும்புகிறார். நிதியிலிருந்து அவருக்குரியது வந்துவிட்டது. ஏடுகளில் எக்குறையும் இல்லை. வாசலில் நின்று உள்ளே பார்க்கிறார். அதே எந்திரத்தின் முன் இருபது வயது இளைஞர் ஒருவர் குனிந்திருக்கிறார். மறைப்பு இன்னும் ஓரத்தில்தான் கிடக்கிறது.