சரக்கின் ஐபும் வாரண்டிச் சீட்டும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நாம் ஆலிம் அல்லோம். மதரஸாவில் சில கிதாபுகளும் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பும் ஓதி முடித்து, பாயான் லெப்பாஸில் லாரி உதிரிச் சாமான் விற்றுப் பிழைப்பவர்கள். ஆகவே கடைமேசைக்குப் பின்னால் நிற்பவனின் பேச்சாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் காற்றில் உப்புண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை. தெலுக் கும்பார், பத்து மாவுங் பக்கத்து மீன் லாரிகளிலோ ஐஸ் உருகிய உப்புநீர் சட்டத்தின்மேல் சொட்டிக்கொண்டே போகும். அசல் சாமானே சிவந்துவிடும் இடத்தில், மெல்லிய துத்தநாகப் பூச்சுடன் வரும் மலிவுச் சாமான் எத்தனை நாள் தாங்கும்? ஓராண்டு வாரண்டி என்று பெட்டியில் கொட்டை எழுத்திலிருக்கும். துருவுக்குப் பொறுப்பில்லை என்று சீட்டின் அடியில் பொடி எழுத்திலிருக்கும். சண்டையெல்லாம் இந்த இரண்டு எழுத்துக்கும் நடுவில்தான்.

சென்ற ஆண்டு ஒரு சீனத்து லாரிக்காரர் பிரேக்குக் காற்று டாங்கியொன்றைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தார். வாங்கி எட்டு மாதம். தாங்கிப் பட்டை பற்றவைத்த ஓரத்தில் ஊசித் துளை. அதன் வழியே காற்று சீறுகிறது. "தவ்கே, இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டியில் என் மகனும் இருந்தான்" என்றார். நாம் சீட்டை எடுத்துப் பொடி எழுத்தைக் காட்டினோம். அவர் வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

சகோதரர்களே, அந்த டாங்கி பெட்டியிலிருந்து எடுத்தபோதே அந்த ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. கப்பலில் நனைந்த சரக்கு. திருப்பி அனுப்பினால் மாதக்கணக்கில் இழுக்கும் என்று, கறுப்பு வர்ணம் அடித்து அலமாரியில் ஏற்றியது நம் கைதான். தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவன் நம்மைச் சார்ந்தவனல்லன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம்! கேட்ட காது வேறு, வர்ணம் அடித்த கை வேறு போலும்.

அன்றிரவு வாதிலா (ரலி) அவர்களின் ஒட்டகம் நினைவுக்கு வந்தது. ஒருவர் முந்நூறு திர்ஹத்துக்கு ஒட்டகம் விற்றார். வாங்கியவர் புறப்பட்டதும் வாதிலா பின்னால் ஓடி, இறைச்சிக்கா சவாரிக்கா என்று கேட்டார்கள். சவாரிக்கு என்றதும், குளம்பில் துளை இருக்கிறது, நெடுந்தூரம் நடக்காது என்றார்கள். அவர் திரும்பிவர, விலையில் நூறு திர்ஹம் குறைந்தது. விற்றவர் நொந்துகொண்டார். ஐபைச் சொல்லாமல் விற்பதும் ஆகாது, அறிந்தவன் வாய் மூடியிருப்பதும் ஆகாது என்று நபியவர்களிடம் கேட்டதை வாதிலா எடுத்துச் சொன்னார்கள். அந்நாளைய லாரி ஒட்டகந்தானே!

நமது ஷாபி மத்ஹபின் மஸ்அலாவும் தெளிவானது. கைமாறிய பிறகு தோன்றும் ஐபு வாங்கியவரைச் சேரும். ஆனால் அதன் காரணம் கைமாறுமுன்பே இருந்திருந்தால் விற்றவனைச் சேரும். எந்த ஐபுக்கும் பொறுப்பில்லை என்று நிபந்தனை போட்டாலும், உயிர்ப்பிராணியில் விற்பவனே அறியாத உள் ஐபைத் தவிர மற்றதில் அது செல்லாது என்பதே நம் மத்ஹபில் பலமான சொல். டாங்கி பிராணியன்று, ஐபை நாம் அறியாமலும் இல்லை.

வாங்குவோர் பக்கமும் ஒரு சொல் உண்டு. காற்று அழுத்தப்பட்டுக் குளிரும்போது டாங்கிக்குள் தண்ணீர் தங்கும். அதைத் தவறாமல் திறந்துவிடாதவன் டாங்கி உள்ளிருந்தே அரிக்கும். அதைக் கொண்டுவந்து வாரண்டி கேட்பதும் மோசடிதான். ஐபு தெரிந்த பின்னும் ஓட்டிக்கொண்டே இருந்துவிட்டுத் திருப்பித் தர வருபவருக்கும் உரிமை நிற்காது. உட்துரு எது, வெளித்துரு எது என்று அறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நாட்டுச் சட்டமும் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் தரத்தைக் கேட்கிறது. ஆனால் உடன்பாட்டால் அதைத் தள்ளிவைக்க இடமும் கொடுக்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வீட்டு உபயோகச் சாமான்களுக்கே பெரும்பாலும் துணை. தொழில் லாரிக்காரருக்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது. 2019-இல் மறைந்த எஸ். எம். முகம்மது இதிரீஸ் அவர்கள் நம் தமிழ் முஸ்லிம் வணிகர்தாம். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கி, வாங்குகிறவனுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடினார்கள். அவர்கள் ஊரில் கடை வைத்துக்கொண்டு நாம் பொடி எழுத்தைக் காட்டினோம்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் லாரிக்காரர் வீட்டைத் தேடிச் சென்று உண்மையைச் சொன்னோம். அசல் டாங்கியும் மாட்டுக்கூலியும் கொடுத்தோம். சரக்கு கொடுத்த மொத்த வியாபாரி ஒரு காசும் தரவில்லை; அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ளது. அந்த லாரிக்காரர் இன்னும் நம் கடைக்கு வருவதில்லை.

அதே வர்ணம் பூசி விற்றவை மொத்தம் ஐந்து. நான்கைக் கண்டுபிடித்து மாற்றிவிட்டோம். ஐந்தாவது ரொக்கத்துக்குப் போனது. பில்லில் பெயர் இல்லை, லாரி எண்ணும் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கத்து லாரி என்று மட்டும் கடைப்பையனுக்கு நினைவு. சென்ற ஆண்டுக்கு முந்திய ரமலான் வாக்கில், பாயான் லெப்பாஸில் கறுப்பு வர்ணம் அடித்த காற்று டாங்கி வாங்கியவரை உங்களில் யாருக்கேனும் தெரிந்தால், தயவுசெய்து இச்சங்கக் காரியாலயத்தில் சொல்லுங்கள். சீட்டு வேண்டாம், பெட்டி வேண்டாம். வண்டியை ஓட்டிவராமல் ஆளை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள், நாமே வந்து மாற்றித் தருகிறோம்.

வஸ்ஸலாம்.