கட்டளையும் ஐயமும்

கடற்படை அதிகாரியாக விழையும் மாணவன் முதலிற் பயில்வது பணிவு. திருகோணமலைத் துறைமுகத்தில் 1967 இல் தொடங்கப்பெற்ற கடற்படைக் கல்விக்கழகத்தில் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழக மாணவரும் பயிற்சி பெறுகின்றனர். பாறை எதிர்ப்படுகையில் சுக்கான் பிடிப்பவன் காரணம் வினவலாகாது. ஆதலின் பணிவைப் பழக்கமாக்குதல் தவறன்று. ஆயின் அப்பழக்கம் தீர்மானிக்கும் பொறுப்பையும் மாணவனிடமிருந்து வாங்கிவிடுமோ?

1893 யூன் 22 அன்று, லெபனானின் திரிப்போலிக்கு அப்பால், பிரித்தானிய அட்மிரல் டிரையன் இருவரிசையாகச் சென்ற போர்க்கப்பல்களை உட்புறமாகத் திரும்பப் பணித்தார். இடைவெளி போதாதென்பதை மற்றை வரிசைக்குத் தலைமைதாங்கிய மார்க்கம் கண்டார், தயங்கினார். தாமதமேன் என்ற சமிக்ஞை வந்ததும் திரும்பினார். அவரது கப்பல் அட்மிரலின் 'விக்ரோறியா'வை மோதித் துளைத்தது. டிரையன் உட்பட 358 பேர் மாண்டனர். மார்க்கம் கோழையல்லர், 1876 இல் வடதுருவப் பனிவெளியில் அதுவரை எவரும் எட்டாத எல்லையை எட்டியவர். அட்மிரலிடம் வேறு உபாயம் இருக்குமென நம்பினார், அவ்வளவே.

கடற்படை நீதிமன்றம் டிரையனின் கட்டளையே காரணமெனக் கண்டது. மார்க்கம் தம் ஐயத்தை அறிவியாமைக்கு வருந்திற்று. எனினும், தளபதி நேரில் நின்று இட்ட பணிப்பை நிறைவேற்றியதற்காக அவரைக் குறைகூறின் சேவைக்கே கேடாகுமென்றது. இத்தீர்ப்பு ஒழுங்கைக் காத்தது, உண்மை. ஆனால் ஐயம் தோன்றிய கணத்திலேயே மார்க்கம் அறிந்தவராகிவிட்டார். அறிந்தவனின் பணிவும் அறியாதவனின் பணிவும் ஒன்றாகா. ஐயத்தை உரைப்பது பணிய மறுப்பதன்று; அதற்கு ஒரு சமிக்ஞை போதும். அணிவகுப்பைக் கற்பிக்குமிடத்தில் அதுவும் கற்பிக்கப்படல் வேண்டும். மீனவர் படகுகளும் போர்ப்படகுகளும் ஒரே நீரிற் செல்லும் இவ்விரிகுடாவில் இது ஏட்டுவினா அன்று. சுடுமாறு பணிக்கும் கட்டளையும் ஒருநாள் இதே மாணவரின் செவிக்கு எட்டலாம்.