மறைப்பும் அருளோ?

வவுனியாவிலிருந்து மன்னார் நோக்கிச் செல்லும் பெருந்தெருவை அடுத்த பூவரசங்குளம் போன்ற வன்னிக் கிராமங்களில், காலபோக நெல் வயலிற் பச்சையாக நிற்க, ஓயாத மாரி கொட்டிற் கூரையை நனைத்துக்கொண்டிருக்கும் இரவொன்றிலே சினைச் செம்மறி ஈனத் தொடங்குமாயின், ஆட்டுக்காரனுக்கு அன்றைய நித்திரை போயிற்றென்றே கொள்ளவேண்டும். ஏறத்தாழ 150 நாள் சுமந்த குட்டியை மறி ஈன்று, நக்கித் துவட்டி, அது தள்ளாடி எழுந்து மடியைத் தேடிக் கடும்புப் பாலைக் குடிக்கும் வரையில் அவன் கொட்டிலை விட்டு அகலான். செம்மறியின் நச்சுக்கொடி நோயெதிர்ப்புச் சக்தியைக் கருவிலிருக்கும் குட்டிக்குக் கடத்துவதில்லை. கடும்புப் பாலின் வழியாக, அதுவும் பிறந்து 24 மணித்தியாலத்துக்குள், அது குட்டியின் குடலினூடாக உடலிற் சேரவேண்டும். அந்நேரந் தவறினால் குட்டி பிழைப்பது அரிது.

இதனினும் நுட்பமான விஷயம் மறியின் அன்பு. ஈன்ற ஓரிரு மணித்தியாலத்துக்குள் தன் குட்டியின் மணத்தை அறிந்து மனத்திற் பதித்துக்கொள்ளும் அந்தத் தாய், பின்னர் வேறொரு குட்டி பசியாற் கதறிக்கொண்டு வந்தாலும் முட்டித் தள்ளிவிடும். குட்டியை இழந்த மறியொன்று பால் விம்மிய மடியோடும், தாயை இழந்த குட்டியொன்று ஒட்டிய வயிற்றோடும் ஒரே கொட்டிலில் நிற்கும், இரண்டும் சேரமாட்டா. அப்பொழுது மேய்ப்பர் ஓர் உபாயஞ் செய்வர். ஈன்ற மறியின் பன்னீர்க்குடத்து நீரை அநாதைக் குட்டியின் உடலிற் பூசுவது அவ்வகையில் ஒன்று. ஸ்கொத்லாந்து தேசத்து மேய்ப்பரோ இறந்த குட்டியின் தோலையே உரித்து, உயிருள்ள குட்டிக்குச் சட்டையாகப் போர்த்துவர். மறி மோந்து பார்க்கிறது. தன் குட்டியென்றே எண்ணிப் பால் கொடுக்கிறது. சில நாளில் அதன் பாலே குட்டியின் உடலிலே சென்று மணத்தை மாற்றிவிட, தோலைக் கழற்றிவிடுவார்கள். தாய் வஞ்சிக்கப்பட்டது, குட்டி பிழைத்தது.

இந்த வஞ்சனையைப் பாவமென்பதா? சைவசித்தாந்தம் பயின்றவர்களுக்கு இவ்வினா புதியதன்று. இறைவனுடைய ஐந்தொழில்களிலே சிருஷ்டி, திதி, சங்காரம், அநுக்கிரகம் என்பவற்றோடு திரோபவம் என்னும் மறைத்தலும் ஒன்றாக எண்ணப்படுகின்றது. ஆன்மா தன் மெய்ந்நிலையை உள்ளபடி அறிந்தால் உலகில் ஒன்றையும் நுகராது. நுகராவிடின் வினை கழியாது, ஆன்மாவைப் பிணித்திருக்கும் மலமும் பரிபாகமடையாது. ஆகையால் மலம் முதிரும் வரையில் மறைத்து நின்று உலகநுகர்ச்சியிற் செலுத்துவது சிவசக்தியே என்றும், அதனால் அதுவும் உபசாரமாக மலமென்று பேசப்படுகின்றதேயன்றி உண்மையில் அருளேயாம் என்றும், பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் வழிவந்தோர் கூறுவர். பரிபாகம் வந்தபின் மறைத்த சக்தியே விளக்கும் சக்தியாகிறது. காலம் வந்ததும் கழற்றப்படும் அந்தத் தோலை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம். தன் குட்டியொன்றையே அறியும் மறியின் குறுகிய பாசமும், இவ்வாறு நோக்குமிடத்து, ஓர் உயிரைக் காப்பதற்குக் கருவியாகிவிடுகின்றது.

அப்படியாயின் மறைப்பெல்லாம் அருளாகிவிடுமோ? மாரியில் இரவெல்லாம் விழித்திருந்து காப்பாற்றிய அதே குட்டியை, பின்னொரு நாளில், பிண்ணாக்குக் காட்டி வியாபாரியின் லொறியில் ஏற்றுகிறவனும் அந்த ஆட்டுக்காரனே. வடபகுதிச் செம்மறி கம்பளிக்காக வளர்க்கப்படுவதன்று. இறைச்சிக்கும் எருவுக்குமாகவே வளர்க்கப்படுவது. தனக்கென ஒரு குறையுமில்லாத இறைவனுடைய மறைப்பு வேறு, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவை எண்ணும் குடியானவனுடைய மறைப்பு வேறு. அவனைக் குற்றவாளியென்று சொல்ல நான் ஒருப்படேன். புலாலை மறுக்கும் நம்மவரிற் பலர் அவன் கொட்டிலின் எருவிட்ட மரக்கறியையே உண்கிறார்கள். ஆயினும், அவன் செயலுக்குத் திரோபவமென்ற பெயரை இரவல் கொடுக்கவும் என் மனம் இசையவில்லை.

இவ்விடத்தில் வழிகாட்டக்கூடியது சேக்கிழார் பெரியபுராணத்திற் சொல்லிய திருமூலர் சரித்திரம். கயிலையிலிருந்து வந்த யோகியார் காவிரிக்கரையிலே சாத்தனூர் அருகே, இறந்துகிடந்த மூலனென்னும் இடையனைச் சூழ்ந்து பசுக்கள் கதறுவதைக் கண்டு மனமிரங்கி, தம் உடலை ஓரிடத்திற் சேமித்துவிட்டு மூலன் உடலிற் புகுந்தார். மேய்ப்பன் எழுந்தானென்று பசுக்கள் மகிழ்ந்தன. அவன் இறந்த செய்தியை அவர் அவற்றுக்கு மறைத்தார். அவர் சேமித்த உடலையோ சிவபெருமான் மறைத்தருளினார். மறைப்பின்மேல் மறைப்பாக நடந்த இச்சரித்திரத்திலே என்னைப் பெரிதும் கவர்வது இடையில் வரும் ஒரு சம்பவம். பொழுது சாய்ந்தும் கணவன் வரக்காணாத மூலன் மனைவி தேடி வந்தபோது, யோகியார் அவளை நெருங்கவிடாமல், உனக்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை என்று சொல்லி விலகினார். பசுக்களுக்குத் தகுந்த ஆறுதல், உண்மையைக் கேட்டறியவல்ல ஒரு பெண்ணுக்குத் தகாதென்று அவர் கண்டார்போலும். அவள் அழுவாளென்று தெரிந்திருந்தும் கணவனாக நடிக்கவில்லை.

பூவரசங்குளத்துக்கு அண்மையிலுள்ள வவுனியா நகரத்தில், யுத்தகாலத்திற் காணாமலாக்கப்பட்ட தம் மக்களின் படங்களை ஏந்திக்கொண்டு, 2017 பெப்ரவரியில் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்து போராடத் தொடங்கினர். 2022 இல் ஒரு குடும்பத்துக்கு 100,000 ரூபாய் வழங்க அரசாங்கம் முன்வந்தபோது, இப்படிப் போராடிய தாய்மாரிற் பலர் அதனை மறுத்தனர். பிள்ளை எங்கே என்ற வினாவுக்கு விடையாகப் பணத்தை முன்வைப்பதும், எல்லாம் வினைப்பயன், மறந்துவிடுங்கள் என்று சைவர் சிலர் அவர்களுக்கு உபதேசிக்கப் புகுவதும், மூலன் மனைவிக்கு அந்த யோகியார் செய்யத் துணியாததையே செய்வனவாகும்.