"எங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகல, எல்லாம் முருகன் செயல்"



பெருமழை வந்தா இந்த ஸ்டேட்டஸ் கண்டிப்பா வரும். "ஊரே மூழ்கிடுச்சு, எங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகல, எல்லாம் முருகன் செயல்." எழுதுறவங்க மனசுல இருக்கிறது நன்றிதான், தப்பு சொல்லல. ஆனா பக்கத்துத் தெருவுல வீட்டுச் சுவர் இடிஞ்சு விழுந்தவரும் அதைப் படிக்கிறார். அவரும் சஷ்டி விரதம் இருக்கிறவர்தான். அப்போ அவரை முருகன் கைவிட்டுட்டானா?

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். அன்னைக்கு ஆரம்பிச்ச மழையில மறுநாள் காலை வரைக்கும் காயல்பட்டினத்துல 95 செ.மீ., திருச்செந்தூர்ல 69 செ.மீ. அந்தப் பக்கம் வருஷம் முழுக்கப் பெய்யுற மழையே அவ்வளவுதான் இருக்கும். தாமிரபரணி கரை தாண்டுச்சு, குளங்கள் உடைஞ்சுது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் எல்லாம் தண்ணிக்குள்ள. வாழைத்தோட்டம் போச்சு, ஆடு மாடு போச்சு, ஏரல் கடைத்தெருவுல கடைகளோட சரக்கு போச்சு. உயிர்களும் போச்சு.

அன்னைக்கு ராத்திரி திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் ஞாபகம் இருக்கா? சுமார் 800 பேர். ஸ்ரீவைகுண்டத்துலயே வண்டியை நிறுத்திட்டாங்க. அதுக்கு அப்பால தண்டவாளத்துக்கு அடியில ஜல்லியை வெள்ளம் அரிச்சிட்டுப் போயிருந்தது. வண்டி போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கவே பயமா இருக்கு. அதுல ஒருத்தர் "என்னை முருகன் காப்பாத்தினான்"னு சொன்னா நான் மறுக்க மாட்டேன். ஆனா அந்த ரெண்டு நாள்ல அவங்களுக்குச் சமைச்சுக் கொண்டுவந்து கொடுத்தது யாரு? சுத்துப்பட்டு ஊர்க்காரங்க. அவங்களையும் சுத்தி வெள்ளம்தான்.

அதனால "முருகன் காப்பாத்தினான்"ங்கிறது எனக்குக் கடன் பத்திரம் மாதிரி தெரியுது. நிறைய பேர் அதை நற்சான்றிதழ் மாதிரி மாட்டி வைக்கிறாங்க, அங்கதான் இடிக்குது.

இதைவிட மோசமான பேச்சு ஒண்ணு இருக்கு: "பாவம் கூடிப்போச்சு, அதான் ஆறு பொங்குது." தண்ணி பள்ளத்தைத் தேடிப் போகும். பள்ளத்துல குடியிருக்கிறது யாரு? மேட்டுல இடம் வாங்கக் காசு இல்லாதவங்க. பாவத்துக்குத் தண்டனைன்னா அது எப்படி ஒவ்வொரு தடவையும் கூலிக்காரன் வீட்டுக்கே சரியா வழி கண்டுபிடிச்சு வருது? வாய்க்காலை அடைச்சுக் கட்டினவங்க மொட்டை மாடியில நின்னு வீடியோ எடுத்துக்கிட்டு இருப்பாங்க!

நெல்லை குறுக்குத்துறை கோயிலைப் பாத்திருக்கீங்களா? தாமிரபரணிக்குள்ளேயே இருக்கிற முருகன் கோயில். வெள்ளம் ரெண்டா பிரிஞ்சு போகட்டும்னு முகப்பைப் படகு முனை மாதிரி கட்டியிருக்காங்க. ஆத்துல தண்ணி ஏறப்போகுதுன்னு தெரிஞ்சா உற்சவரைத் தூக்கிக்கிட்டு மேலக்கோயிலுக்குப் போயிடுவாங்க. மூலவர் தண்ணிக்குள்ளயே இருப்பார். "முருகனே இடம் மாறுறானே, அவனுக்குச் சக்தி இல்லையா"ன்னு அங்க யாரும் கேக்கிறது இல்ல. ஆறு வரும், அதுக்கு வழி விடணும், தூக்கிட்டுப் போகவேண்டியவரைத் தோள் கொடுத்துத் தூக்கணும். வடிஞ்சதும் சேத்தை அள்ளிக் கழுவிட்டு மறுபடி பூஜை. நம்பிக்கை இருந்தா தண்ணி வீட்டுக்குள்ள வராதுன்னு சொல்றவங்க ஒரு தடவை அங்க போய் நின்னு பாக்கலாம்.

முருகனுக்கே தோள் கொடுக்க நாலு பேர் வேணும்னா, கீழத்தெருவுல படுத்த படுக்கையா இருக்கிற பாட்டிக்கு?

இந்த ஐப்பசி கார்த்திகையில உங்க வீடு தப்பிச்சா ஸ்டேட்டஸ் தாராளமா போடுங்க. முருகன் பேரும் இருக்கட்டும். கூடவே ரெண்டு வரி சேத்துக்கோங்க: "எங்க மாடியில பத்து பேர் தங்கலாம். கேஸ் இருக்கு, அரிசி இருக்கு. யாராவது மாட்டிக்கிட்டு இருந்தா கூப்பிடுங்க, வர்றோம்."

முருகா சரணம்.