இல்லாமையை அறிதல்

1970இல் எட்கர் காட் முன்வைத்த உறவுநிலைத் தரவுத்தளத்தில் தகவல்கள் அட்டவணைகளாக அமைகின்றன. ஒரு நிரல் எஸ்கியூஎல் மொழியில் அவற்றிடம் விடுக்கும் கேள்வியே வினவல் எனப்படும். வினவலுக்கு ஒரு வரிசைகூடக் கிடைக்காதபோது, தேடிய பொருளே உலகில் இல்லை என முடிவு செய்வது முறையா என்பது மெய்யியல் சார்ந்த வினாவாகும்.

பதிவில் இல்லாததைப் பொய்யெனக் கொள்ளும் இந்நிலைப்பாட்டை, 1978இல் ரேமண்ட் ரைட்டர் 'மூடிய உலக எடுகோள்' என வரையறுத்தார். இந்திய மெய்யியலில் குமாரில பட்டரின் மீமாம்சை மரபோ, காணாமையாகிய அனுபலப்தியைத் தனிப் பிரமாணமாக, அதாவது அறிவு பெறும் வழியாக, ஏற்றபோதும், இருந்திருந்தால் புலப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதனோடு இணைத்தது. வெளிச்சத்தில் வெறுந்தரையைக் காண்பவர் குடமில்லை எனத் துணியலாம், இருளில் நிற்பவர் துணியலாகாது.

தரவுத்தளத்திலும் அத்தகைய இருள் உண்டு. ஒருவரின் வயது பதியப்படாத இடத்தில் நிற்கும் 'நல்' என்னும் குறி எந்த மதிப்பையும் சுட்டுவதில்லை. அதனோடு செய்யும் ஒப்பீடு உண்மையோ பொய்யோ ஆகாமல் 'அறியப்படாதது' என்றே முடிவதால், வயது 60 எனக் கேட்டாலும், 60 அல்ல எனக் கேட்டாலும், அம்மனிதர் இரு விடைகளிலும் விடுபடுகிறார். ஆகவே, வெற்று விடையைக் கொண்டு ஒருவரின் உரிமையை மறுக்குமுன், பதிவு முழுமையானதா என ஆராய்வது அறிவின் கடமை மட்டுமன்று, அறத்தின் கடமையுமாகும்.